அம்மா சொல்லாத மாத்திரை

எங்கள் அம்மா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. "ஏன் முழு வைத்தியம் பார்க்கவில்லை?" என்று அன்று துக்கத்துக்கு வந்த பலர் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

அம்மா ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கயத்தாறு பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அப்பா தவறியபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. மூன்று ஏக்கர் கரிசலில் உளுந்தும் பருத்தியும் போட்டு எங்களை வளர்த்தார்கள். களையெடுப்பில் யாராவது பின்தங்கினால் அவள் நிரையையும் தானே சேர்த்து எடுத்துக்கொண்டு கேலி பேசுவார்கள்: "ஏட்டி, ஒன் மாமியாள நெனச்சுக்கிட்டு வெட்டு, வேகமா வரும்."

எழுபத்திரண்டு வயதில் இருமல் நிற்கவில்லை. திருநெல்வேலியில் நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். சர்க்கரையும் இதய பலவீனமும் முன்பே உண்டு. அந்தச் சீட்டுகளையெல்லாம் காட்டினோம். வேறு மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா இல்லை என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

முதல் கீமோ முடிந்த பத்தாம் நாள் கால் வீங்கியது, சிறுநீர் குறைந்தது, சர்க்கரையும் ஏறியது. மறுபடி சேர்த்தோம். சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றார்கள். அக்கா சேலை மாற்றிவிடும்போது அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து மூட்டுவலி மாத்திரை அட்டை விழுந்தது. பல வருடமாகக் கடையில் வாங்கித் தினமும் போட்டு வந்தது.

"இதுவும் கீமோவும் சேர்ந்துதான் சிறுநீரகத்தக் கெடுத்திருக்கு. அப்பவே கேட்டேனேம்மா, ஏன் சொல்லல?" என்றார் டாக்டரம்மா.

"நோவுக்குத் திங்கிறதுதான தாயி மாத்திரை? இது வேலைக்குப் போறதுக்குப் போடுதது."

எங்கள் ஊரில் அதை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. மழை பெய்த கரிசலில் ஒட்டும் மண்ணோடு நடக்க அது வேண்டும். அம்மாவுக்கு நானே பலமுறை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். டாக்டரம்மா கேட்டபோது எனக்கும் நினைவு வரவில்லை.

அதை நிறுத்தியதும் சிறுநீரகம் கொஞ்சம் தேறியது. ஆனாலும் இதயம், சர்க்கரை, சிறுநீரகம் மூன்றையும் பார்த்தால் பழைய அளவு கீமோவை உடம்பு தாங்காது என்றார்கள். குறைத்துக் கொடுக்கலாம், அதற்கும் அடிக்கடி ஆஸ்பத்திரியில் படுக்க நேரும்; இல்லையென்றால் மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் மட்டும் மருந்து தரலாம். நான் குறைத்தாவது கொடுக்கச் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்தார்கள்.

"ஏலே, நீ பயத்துல சொல்லுத. எனக்கு மூச்சு வாங்காம இருந்தாப் போதும். வீட்டுக்குப் போவோம்."

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதையேதான் சொன்னார்கள்.

ஐந்து மாதம் வீட்டில் இருந்தார்கள். கட்டிலில் சாய்ந்தபடியே, உளுந்து புடைத்த அக்காவிடம் குறை கண்டுபிடித்தார்கள். கடைசி நாள் காலையில் காபியில் இனிப்பில்லை என்று கோபித்துக்கொண்டார்கள். மதியம் அமைதியாகப் போய்விட்டார்கள்.

பக்குவமாகப் பார்த்த டாக்டரம்மாவுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் கார் எடுத்த தெருக்காரர்களுக்கும், மாறி மாறித் துணையிருந்த அம்மாவின் களையெடுப்புத் தோழிகளுக்கும் எங்கள் நன்றி. கேள்வி கேட்டவர்கள் மேலும் வருத்தமில்லை. அம்மா மேல் உள்ள பாசத்தில்தான் கேட்டீர்கள்.

வைத்தியத்தைப் போதும் என்றது அம்மா. மாத்திரையைச் சொல்லாமல் விட்டது நான். உங்கள் வீட்டுப் பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் முன் அவர்கள் சுருக்குப்பையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

— இளைய மகன்