பிறந்த கதை சொல்லும் காலை

கேக் வெட்டுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். என் மகளின் பிறந்தநாளில் எங்களுக்கென்று வேறொன்று இருக்க வேண்டும் என்று நான்தான் ஆரம்பித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அதனால் இப்போது யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

அவளுக்கு மூன்று வயதானபோது தொடங்கியது. காலையில் மணை போட்டு உட்காரவைத்து, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே அவள் பிறந்த நாளின் கதையைச் சொன்னேன். இங்கே தெலுங்குக்காரர்கள் அம்மனுக்கு எடுக்கும் போனாலு திருவிழா ஊர்வலத்தில் எங்கள் ஆட்டோ மாட்டிக்கொண்டது, டிரைவர் இறங்கிக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தியது, திரும்பி வந்து உட்கார்ந்த அவர் சட்டைக் காலரை நான் வலியில் பிடித்து இழுத்தது. எண்ணெய் வழியும் முகத்தோடு, "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மாரெட்பள்ளி வீட்டில் அந்த அரைமணி நேரம் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான்.

அப்படியே விட்டிருக்கலாம். ஐந்தாம் பிறந்தநாளில் என் கணவர் அதைத் திருநெல்வேலிக்கு வீடியோ காலில் காட்டினார். மாமியாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சென்னையிலிருந்து நாத்தனாரும் சேர்ந்துகொண்டு, "பிள்ளையே சொல்லட்டுமே" என்றார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான், தலையாட்டினேன். மகள் சொன்னாள், தெலுங்கில். பள்ளியிலும் விளையாடும் இடத்திலும் அதுதான். நாங்கள் தமிழில் கேட்டாலும் தெலுங்கில்தான் பதில் வரும்.

"ஏம்மா, பிள்ளைக்குத் தமிழே வரலியே. வீட்ல என்னதான் பேசுத?" என்று மாமியார் என்னைக் கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்காக இரண்டு வருடம் குழந்தையைப் படுத்தியெடுத்தேன். பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பே ஒத்திகை. தமிழில் எழுதி, வரி வரியாகச் சொல்லவைத்து, தப்பு வந்தால் மறுபடி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இதில் பிடித்ததும் நான், குரங்கும் நான்.

இந்த வருடம் ஏழு வயது. சாம்பார்ப்பொடி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தோம். புதுச் சட்டையைப் பார்த்துக்கொண்டே மணையில் உட்கார்ந்தவள் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். ஊர்வலம் வந்ததும், "ஆட்டோ ஆகிப்போயிந்தி" என்று தெலுங்குக்குத் தாவிவிட்டாள்.

"நின்னுட்டுன்னு சொல்லணும்" என்றார் மாமியார். நாத்தனார் சிரித்தார். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம். மூன்றாவது முறை நெட்வொர்க் திணறியது. கீழே ஸ்கூல் வேன் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தது.

"நேத்து நல்லாச் சொன்னேல்லா? இப்ப என்ன வந்துது உனக்கு?" என்று கத்தினேன்.

பிறந்தநாளும் அதுவுமாக அழுதுகொண்டே வேனில் ஏறினாள். எண்ணெய்க் கிண்ணத்தை யாரும் தொடவே இல்லை. எனக்கு மாமியார் மேல் கோபம், கணவர் மேல் கோபம், அந்தப் பாழாய்ப்போன போன் மேல் கோபம். சமையலறையில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது. எல்லோரும் கைதட்டத் தயாராக நிற்க, அவள் என் புடவையை இழுத்துக் குனியச் சொன்னாள். கேக்கில் தன் பெயர் தப்பாக இருக்கிறது என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா, அடுத்த வருசம் நான் பொறக்காம இருக்கட்டுமா?"

தமிழில்தான் கேட்டாள். ஒரு வார்த்தையில் கூடத் தடுமாறவில்லை.