ஈர மண்ணில் நின்ற கிடா

அன்று கும்மிடிப்பூண்டி மைதானத்தில் கட்டிய கயிற்றுக்குள் இருந்தவர்கள்: மாட்டாஸ்பத்திரி டாக்டர், ஒன்பது ஆடுகள், அவற்றைப் பிடித்திருந்த எட்டு ஆண்கள், நான். கயிற்றுக்கு வெளியே என் வீட்டுக்காரரும், கையில் தண்ணீர்க் கூஜாவோடு கறிக்கடை அண்ணனும். வேறு யாரையும் நான் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் இல்லை.

கிடா நான் வளர்த்தது. பம்புசெட் ரிப்பேருக்காக அதைக் கறிக்கடை அண்ணனுக்கு விலை பேசி, இருபது ரூபாய் முன்பணமும் வாங்கிவிட்டார் வீட்டுக்காரர். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகுதான் இறங்கி வந்தார். ஆட்டுக் காட்சியில் பரிசு வாங்கினால் கிடா வீட்டிலேயே இருக்கும், வாங்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும் என்று அண்ணன் முன்னாலேயே பேச்சானது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பரீட்சைப் பயம் எப்படி இருக்கும் என்று அந்த மாதம்தான் தெரிந்துகொண்டேன். நாலு காலையும் சமமாக ஊன்றித் தலை நிமிர்ந்து நிற்கத் தினமும் கிடாவைப் பழக்கினேன். சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன். குளம்பை முந்தின வாரமே சீவியாயிற்று. ஆனாலும் புறப்படும் காலையில், ஒரு பக்கம் நீண்டிருக்கிறதோ என்று சந்தேகம் வந்து மறுபடி கத்தியை எடுத்தேன். முன்னங்காலில் ரத்தம் துளிர்த்த பிறகுதான் என் கை நின்றது.

வெயிலில் காய்ந்த கட்டாந்தரையில் கிடா அந்தக் காலை ஊன்றவே மாட்டேன் என்றது. நான் கயிற்றை இழுக்க இழுக்க, அது இன்னும் தூக்கிக்கொண்டது. டாக்டர் எங்களிடம் வருவதற்கு மூன்று ஆடுகள்தான் இருந்தன. ஆட்டின் நடையைப் பார்த்தே எடை சொல்கிறவர் கறிக்கடை அண்ணன். அவர் கண்ணுக்குத் தப்பாது, கிடா கிடைத்ததென்று உள்ளுக்குள் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"இன்னாம்மா, குளம்ப ஒட்ட சீவிட்டியா?" என்று கயிற்றோரம் வந்தார். "இழுக்காதே. தரை குத்துது அதுக்கு. தள்ளிக்கோ." கூஜாவைக் கவிழ்த்து, இருந்த தண்ணீரையெல்லாம் கிடாவின் காலடியில் ஊற்றினார். மண் குழைந்தது. கிடா முகர்ந்து பார்த்துவிட்டு மெல்லக் காலை வைத்தது.

"யோவ், நீ யாரு கட்சிய்யா?" என்று கத்தினார் வீட்டுக்காரர்.

"ஆட்டு கட்சி" என்றார் அவர்.

டாக்டர் பல்லைப் பார்த்தார், முதுகை அழுத்தினார், குளம்பைத் தூக்கினார். யார் சீவியது என்று கேட்டார்.

"நான்தான் சார். பயத்துல ரெண்டாந்தடவ சீவிட்டேன்."

"இவ்ளோ வலியிலயும் அசையாம நிக்குதேம்மா" என்று குளம்பை மெதுவாக இறக்கினார். மூன்றாம் பரிசு, ஓர் அலுமினிய வாளி.

"மூணாவதெல்லாம் ஒரு பரிசா?" என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரர்.

"பரிசுன்னுதான நைனா பேசின? ஓட்டிக்கினு போ ஊட்டுக்கு" என்றார் அண்ணன்.

முன்பணத்தைச் சேர்த்து எடுத்துக்கொண்டு இரண்டு முறை கடைக்குப் போனேன். "கையெல்லாம் ரத்தமா கீது, அப்புறமா குடும்மா" என்றார் இரண்டு முறையும். மூன்றாம் முறை போனபோது கடை பூட்டியிருந்தது. பள்ளிப்பட்டுப் பக்கம் மகனோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். கையில் ரத்தம் என்று அவர் சொன்னது நிஜமாகவே அதற்காகத்தானா, பணத்தை வாங்காமலிருக்க வேண்டுமென்றேவா என்று இன்றும் யோசிக்கிறேன்.

அன்று மைதானத்தில் இருந்தவர்களில் நான் மட்டும்தான் மிச்சம் போலிருக்கிறது. ஓட்டை விழுந்த அந்த வாளியில் துளசி வைத்திருக்கிறேன். காலையில் தண்ணீர் ஊற்றி மண் குழையும்போது நினைவு வந்துவிடும். அவருக்கு நான் தரவேண்டியது இருபது ரூபாய்.