முதலில் பச்சை பூசிய பெட்டி

மூன்று வருடங்களுக்கு முன், செங்கலடியில் சனிக்கிழமைகளில் நடந்த சிங்கள வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அரசாங்க உத்தியோகம், இரண்டாம் மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தே ஆக வேண்டும். கதிரவெளியிலிருந்து பஸ் மாறி வருவேன்.

எங்கள் ஆசிரியை ஏறாவூர்க்காரர். ஆளுக்கொரு தாள் தந்து சுவரில் ஒட்டச் செய்திருந்தார். அதில் முப்பது பெட்டிகள். 'கடையில் விலை கேட்பேன்', 'பஸ்ஸில் இடம் விசாரிப்பேன்', 'விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்வேன்' என்று ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. வகுப்புக்கு வெளியே, ஒரு சிங்களவரிடம் உண்மையாகவே அதைச் செய்த பிறகுதான் பச்சை பூசலாம். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று நாமே பார்த்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு.

நான் என்ன செய்தேன்? பக்கத்துத் தாள்களெல்லாம் பச்சையாகிக்கொண்டு வர, மானம் போகிறதே என்று ஒரு சிங்களவரிடமும் வாயே திறக்காமல் கலர் பென்சிலை எடுத்தேன். முதலில் பூசியது 'விளங்கவில்லை' பெட்டிக்கு. அதென்ன பெரிய வித்தையா? இரண்டு மாதத்தில் வகுப்பிலேயே என் தாள்தான் முழுப்பச்சை.

"உங்கட தாளப் பாத்தா எனக்கே பொறாமையா இரிக்கி" என்றார் ஆசிரியை. வெட்கமில்லாமல் சிரித்தேன்.

ஒரு நாள் நானும் கணவரும் மோட்டார் சைக்கிளில் பொலன்னறுவைப் பக்கம் போனோம். நல்ல மத்தியானம். மாடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. எனக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவருக்குக் காலில் ஆழமான காயம், தலையிலும் அடி, பேச்சுமூச்சில்லை. யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சுற்றிலும் ஒரு தமிழ்க் குரல்கூடக் கேட்கவில்லை.

தாதி ஒருவர் மருந்துக் குப்பியோடு வந்து ஏதோ வேகமாகக் கேட்டார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. தலையாட்டினேன். அவர் ஊசியில் மருந்தை ஏற்றத் தொடங்கினார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முன்பொரு தடவை ஏதோ ஊசி போட்டு, இவருக்கு முகம் வீங்கி மூச்சடைத்தது. அந்த மருந்தின் பெயரை டாக்டர் எழுதித் தந்த துண்டு வீட்டு அலுமாரியில் கிடந்தது. இந்தக் குப்பியில் இருப்பது அதுவாக இருந்தால்? தலையாட்டிவிட்டோமே, இனி எப்படி மாற்றிச் சொல்வது என்று கூச்சப்பட்டேன். அவர் உயிரைவிட என் மானத்தைப் பெரிதாக நினைத்த அந்தக் கணத்துக்காக இன்றும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஊசி அவர் கைக்கருகே வந்துவிட்டது. தாதியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மட்ட தேரென்னே நே!" என்று கத்தினேன். எனக்கு விளங்கவில்லை.

அவர் கோபிக்கவில்லை. உடனே நிறுத்தி, அடுத்த வார்டிலிருந்து தமிழ் தெரிந்த பெண் ஊழியர் ஒருவரை அழைத்து வந்தார்.

"இந்த மருந்து முன்னம் போட்டு இவருக்கு ஒண்டும் செய்யல்லதானே எண்டு கேட்டவ. நீங்க ஓம் எண்டு தலையாட்டினீங்களாம்" என்றார் அந்தப் பெண். மருந்தின் பெயரையும் சொன்னார். துண்டில் பார்த்திருந்த அதே பெயர்.

"ஐயோ, வேணாம் அக்கா! மூச்சு நிண்டிரும்!"

குப்பி ஒதுக்கப்பட்டு வேறு மருந்து வந்தது. பின்னேரம் கண் திறந்தவர் முதலில் விசாரித்தது மோட்டார் சைக்கிளைத்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

அடுத்த வகுப்பில் சுவரிலிருந்த என் தாளைக் கிழித்தெடுத்து, எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். ஆசிரியை ஏசவில்லை. புதுத் தாள் ஒன்றை நீட்டினார்.

"அப்ப இண்டைக்கு ஒரு பெட்டிக்குப் பூசலாம்தானே?"

'விளங்கவில்லை' பெட்டிக்கு மட்டும் பச்சை பூசினேன். பிறகு பரீட்சையிலும் சித்தியடைந்தேன். ஆனாலும், விளங்காத ஒன்றுக்குத் தலையாட்டப் போகும் ஒவ்வொரு முறையும், அந்தக் குப்பி என் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.