கேதம் சொல்லப் போன வண்டி

செத்துப் போனவன் என் பைக்கின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு நடுவழியில் எஞ்சினை அணைத்துவிட்டான் என்று நான் நம்பினேன். இருட்டில், சுடுகாட்டுப் பக்கமாக வந்த பயம் என்றால்கூடச் சொல்லிக்கொள்ளலாம். அது பட்டப்பகல். இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்த வயல். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று, சொந்தமாக உரக்கடை வைத்திருக்கிறேன், யாராவது பேய் என்று வாயெடுத்தால் முதலில் கேலி செய்கிறவன் நான்தான். அப்படிப்பட்ட ஆள் வாய்க்கால் கரையில் நின்றுகொண்டு காலி சீட்டைப் பார்த்து, "டேய், இறங்குடா" என்று கெஞ்சினேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். அப்புறம் அவ்வளவாக இடம் இருக்காது.

எல்லாவற்றுக்கும் அந்த அலாரம்தான் காரணம். எங்கள் தெருவில் ஒரு வண்டி களவு போனதும் பயந்து போய் முதல் ஆளாக ஓடி அலாரம் மாட்டிக்கொண்டு வந்தேன். "தொட்டாலே கத்தும் சார்" என்றான் மாட்டியவன். பொய். தொடாமலே கத்தியது. நெல் மூட்டை ஏற்றிய லாரி தெருமுனையில் திரும்பினால் கத்தும். ஆடு முதுகு சொறிந்துகொண்டால் கத்தும். மினி பஸ்காரன் ஹாரன் அடித்தால் பதிலுக்குக் கத்தும். கோயிலில் வேட்டுப் போட்டாலும் இடி இடித்தாலும் விடாமல் கத்தும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரசச் சோற்றுக் கையோடு ஓடி ஓடி, ரிமோட்டில் எப்போதும் ஒரு பெருங்காய வாசனை இருந்தது. கடையில் மூட்டை தூக்கக் குனிந்தால் சட்டைப் பையில் இருக்கும் ரிமோட் அழுந்தி வாசலில் வண்டி அலறும். வந்த விவசாயி வாங்க வந்ததை மறந்துவிட்டு வெளியே ஓடுவார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் இவ்வளவு கத்தியிருக்கேனா, சொல்லுங்க" என்று என் மனைவி கேட்டாள்.

அந்த அலாரத்தால் மகிழ்ச்சி அடைந்தவன் உலகத்திலேயே ஒருத்தன்தான். அடுத்த வீட்டுக்காரன், ஒன்றாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளி. சொந்த நிலம் கொஞ்சமும் குத்தகை நிலம் கொஞ்சமுமாக விவசாயம் பார்த்தான். வண்டி கத்தியதும் பனியனோடு வாசலுக்கு வந்து நிற்பான். "ஏண்டா, உன் வண்டிக்குப் பிரசவ வலி கண்டுடுச்சு, வந்து பாரு" என்பான். "ஒருநாள் நிஜமாவே திருடன் வருவான். நாங்க உள்ள உக்காந்துக்கிட்டு, இன்னிக்கு ஆடா லாரியான்னு பந்தயம் கட்டிக்கிட்டு இருப்போம்" என்பான். வண்டி அமைதியாக இருக்கிற நாளில் போகிற போக்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவான்.

போன ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில், கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். திருப்பிக் கொண்டுவந்தோம். அவ்வளவுதான்.

அவனைக் கூடத்தில் கிடத்தியதும் தப்பு மேளம் அடிக்கிறவர்கள் வந்தார்கள். முதல் அடி விழுந்ததும் பக்கத்து வாசலில் நின்ற என் வண்டி ஒப்பாரி வைக்க ஆரம்பித்தது. அடிக்க அடிக்க அதுவும் விடவில்லை. அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் ரிமோட்டை அமுக்கி நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தேன். பனியனோடு யாரும் வந்து நிற்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அடுத்த தெருவில், கொட்டுகிற மழையில் விட்டுவிட்டு வந்தேன்.

அதற்குள் கூடத்தில் வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவனுக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு அக்கா. பாபநாசத்துக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். அக்காவுக்கும் அவனுக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவன் மகள் பெரியவளானபோது, சடங்கில் முன்னால் நிற்க வேண்டிய அத்தைக்கு இவன் வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டான். வேலை நெருக்கடி, இரண்டு வயலில் அறுப்பு, தெரியாத்தனம். அக்கா வரவில்லை. "நேர்ல வந்து கூப்பிடாத எதுக்கும் இனிமே நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார். இவனும் முறுக்கிக்கொண்டு, "செத்தாலும் நான் அவ வாசல்ல போய் நிக்க மாட்டேன்" என்றான். சொன்னது என்னிடம்தான்.

ஆகவே அக்காவுக்குப் போனில் சொல்வதா, ஆள் அனுப்புவதா என்று மதியம் வரைக்கும் பேசினார்கள். கடைசியில் அவனுடைய பெரியப்பா தீர்த்துவிட்டார். "போன்ல சொன்னா சாவுக்கும் வராம இருந்துடும். நேர்ல போய்த்தான் சொல்லணும்." பிறகு என்னைப் பார்த்து, "நீ போ. உன்னையச் சின்னப் புள்ளையிலேருந்து அதுக்குத் தெரியும். பொழுது சாயறதுக்குள்ள அழைச்சுக்கிட்டு வந்துடு. இன்னிக்கு எடுக்கலேன்னா நாளைக்குச் சனி" என்றார். சனிப்பிணம் தனிப்போகாது என்று பயப்படுகிற ஊர் எங்களுடையது. அக்கா தம்பியின் முகத்தைப் பார்ப்பது அந்த ஒரு மாலைக்குள் நடந்தால்தான் உண்டு.

அய்யம்பேட்டை தாண்டும்வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. மழையும் விட்டிருந்தது. உள்ரோட்டில் திரும்பி வாய்க்கால் ஓரமாகக் கொஞ்ச தூரம் போயிருப்பேன். எஞ்சின் பட்டென்று நின்றது. அடுத்த கணம் அலாரம் அலறியது. ரிமோட்டை அமுக்கினேன். பயனில்லை. சாவியை எடுத்துத் திரும்பப் போட்டேன். இண்டிகேட்டர் நாலும் கண்ணைக் கண்ணைச் சிமிட்டின.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. செத்தாலும் அவள் வாசலுக்குப் போக மாட்டேன் என்றவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். என் கூடவே ஏறி வந்து, ஊர் எல்லையில் வைத்து எஞ்சினை அணைத்துவிட்டான். சந்தேகமே வரவில்லை எனக்கு. "டேய், இறங்குடா. உங்க அக்காடா. ஒருதடவை வந்து பாத்துட்டுப் போகட்டும்டா" என்றேன். சீட்டைத் துண்டால் துடைத்துக்கூட விட்டேன், ஏன் என்று கேட்காதீர்கள். வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றுமுடியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்திருக்கலாம். களவு போய்விடுமே என்று தள்ளிக்கொண்டு போனேன். ஊரே செத்துக் கிடந்தாலும் எனக்கு வண்டி முக்கியம். அலறுகிற வண்டியை, வேர்த்து விறுவிறுத்து, ஒரு ஆள் அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. எதிரே பைக்கில் வந்த இரண்டு பேர் குறுக்கே நிறுத்தினார்கள்.

"யாரு வண்டி இது?"

"என் வண்டிதாங்க."

"உங்க வண்டி எதுக்குங்க உங்களைப் பாத்துக் கத்துது?"

அந்த அலாரம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஒழுங்காக வேலை செய்தது. பிடித்துக் கொடுத்தது என்னை.

"யாரு வீட்டுக்குப் போறீங்க, சொல்லுங்க."

அதைத்தான் நான் சொல்ல முடியாது. கேதம், அந்தச் சாவுச் சேதி, அக்கா காதில் முதலில் விழ வேண்டும், என் வாயால் விழ வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தது? இவர்களிடம் வீட்டைச் சொன்னால் ஊர் முழுக்கப் போய்விடும். நான் விழித்தேன். விழிக்க விழிக்கத் திருடன் களை கூடியது. வயலிலிருந்து ஒரு பெண் உதவிக்கு வந்தாள். "அண்ணே, அந்த ஆளு அப்பலேருந்து காலி சீட்டுகிட்ட பேசிக்கிட்டு இருக்காரு. பாத்து!"

ஆர்.சி. புத்தகம் வீட்டில் இருந்தது. லைசென்ஸில் இருந்த படம் எனக்கு முடி இருந்த காலத்துப் படம். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நேரத்தை ஓட்டினார்கள். கடைசியில் பொறுக்க முடியாமல், இருவரில் மூத்தவரைத் தனியாக அழைத்து வீட்டைச் சொன்னேன், சாவைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. என் வண்டியை நடவுக்காரப் பெண்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "ஏறுங்க" என்றார். கொண்டுபோய்த் தெருமுனையில் இறக்கிவிட்டார்.

அக்கா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"அடப்பாவி, நீயாடா? என்னடா இது, தலையில ஒண்ணையும் காணோம்? ஏன் இப்படி வேத்துக் கொட்டுது, இரு" என்று உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

துக்கம் சொல்லப் போகிறவன் வாசலிலேயே நின்று சொல்ல வேண்டும், அந்த வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் மறுத்திருந்தால் அந்த நொடியே அவருக்குப் புரிந்திருக்கும். வண்டி தள்ளிய தாகத்தில் சொம்பை வாங்கி மடக்கு மடக்கென்று குடித்துவிட்டேன். தண்ணீர் குடித்த ஆள் நல்ல சேதிதான் கொண்டுவந்திருப்பான் என்று அக்கா முடிவு செய்துவிட்டார்.

"தம்பி அனுப்பிச்சானா?"

நான் தலையை ஆட்டினேன். அனுப்பியது பெரியப்பா. ஆனாலும் ஆட்டினேன்.

"பாப்பாவுக்கு மாப்பிள்ளை அமைஞ்சிடுச்சா?" அக்கா கையிலிருந்த துணியைக் கொடியிலேயே போட்டுவிட்டார். "அதானே பாத்தேன். நேர்ல ஆள் அனுப்பிக் கூப்பிடணும்னு இப்பவாவது புத்தி வந்துச்சே அவனுக்கு. அவனே வந்திருந்தா என்னவாம், குறைஞ்சா போயிடுவான்? கழுதை, சரி, உன்னையாவது அனுப்பிச்சானே." உள்ளே திரும்பி, "ஏங்க, இங்க வாங்களேன், யாரு வந்திருக்கறதுன்னு பாருங்க" என்று கணவரைக் கூப்பிட்டார். "உக்காருடா, காப்பி போடறேன். எப்ப முகூர்த்தம்?"



"அக்கா, காப்பி வேணாம்" என்றேன்.

"ஏண்டா?"

"அவன் காலையில போயிட்டான்க்கா."

எங்கே போனான் என்பது போல அக்கா என்னைப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. நான் வேடிக்கை பேசுகிறவன் என்று அவருக்குத் தெரியும். இதுவும் அந்த வகைதான், இன்னும் கொஞ்சத்தில் நான் சிரித்துவிடுவேன் என்று காத்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்கவில்லை. அக்கா மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்தார்.

அக்காவின் கணவர் ஓடிப்போய் ஒரு கார் பிடித்துக்கொண்டு வந்தார். கிளம்பும்போது பெரியப்பாவுக்குப் போன் செய்து, "அழைச்சுக்கிட்டு வந்துக்கிட்டே இருக்கோம், எடுத்துடாம வைச்சிருங்க" என்றேன். "வைச்சிருக்கோம். மழை கருக்குது, சீக்கிரம் வாங்க" என்றார். வழியெல்லாம் அக்கா அழவில்லை. என்ன சாப்பிட்டான், நேற்று எப்படி இருந்தான், மெலிந்திருந்தானா, முடி நரைத்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். "உன்னைய மாதிரி வழுக்கை விழுந்துடலையே?" என்று ஒருதடவை கேட்டார். இல்லை என்றேன். பசுபதிகோயில் பக்கம் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கார் ஊர்ந்தது.

தெருவுக்குள் நுழையும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தப்புச் சத்தம் இல்லை. பந்தலின் கீழ் நாற்காலிகள் மட்டும் இருந்தன. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். குளித்த ஈரத் தலையோடு பெண்கள் நின்றார்கள். ஆண்கள் யாரும் இல்லை, பெரியப்பாவைத் தவிர. வயதானவர் என்று அவரை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"இருட்டிக்கிட்டு வந்துடுச்சும்மா. வெறகு நனைஞ்சிட்டா அப்புறம் நாளைக்குத்தான்னாங்க. எவ்வளவு நேரம்தான் புடிச்சு வைக்கிறது?" என்றார் அவர்.

அக்கா கூடத்துக்குள் போனார். அவனைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு போன் போட்டிருக்கக் கூடாதாடா? காலையிலேயே பஸ் ஏறி வந்திருப்பேனே."

"நேர்ல வந்து சொல்லாததுக்கு வரமாட்டேன்னீங்களேக்கா" என்றேன்.

"அது விசேஷத்துக்குடா" என்றார் அக்கா. "சாவுக்குமா அதைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க?"



அலாரப் பெட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்கி எஞ்சினுக்குப் போகிற கரண்டை அது வெட்டிவிட்டது என்று பிறகு மெக்கானிக் சொன்னான். பின்சீட்டில் யாரும் இல்லை. நாங்கள் பசுபதிகோயில் பக்கம் மழையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவனை எடுத்துவிட்டார்கள். அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.