எக்ஸ்ரே அக்காவின் பதினான்கு செகண்ட்

எங்கள் கூடைப்பந்து அணியின் உள்ளூர் ஆட்டங்களுக்கு ஏழு வருடத்தில் ஒரே ஒரு நாள் தவிர ஒன்று விடாமல் வந்தவர் எக்ஸ்ரே அக்கா. ஆனால் ஒரு ஆட்டத்தைக்கூட அவர் முழுசாகப் பார்த்ததில்லை.

பகலில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்ச இழுத்துப் பிடிங்க... ம், விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு, சாயங்காலம் இரண்டு பஸ் மாறி அரங்கத்துக்கு வருவார். கோர்ட்டின் ஓரத்தில் எங்களுக்கு ஒரு நீள மேசை. நான் ஸ்கோர் ஷீட் எழுதுபவன். பகலில் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். ஊரார் தப்பைப் பொறுக்கியே வயிறு வளர்ப்பவன் என்பதால் மேசையில் எனக்கு 'கமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எனக்கு இடப்பக்கம் அக்கா. அவர் முன்னால் இரண்டு பட்டன் வைத்த ஒரு சின்னப் பெட்டி. பந்து கிடைத்த அணி இருபத்துநான்கு செகண்டுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். எறிந்த பந்து வளையத்தைத் தொட்டுவிட்டு மறுபடி அதே அணியிடம் வந்தால், அவர்களுக்குப் புதிதாகப் பதினான்கு செகண்ட். தொடாவிட்டால் பழைய கணக்கே ஓடும். முடிந்ததும் ஹாரன் அலறும், பந்து எதிரணிக்குப் போகும். தொட்டதா தொடவில்லையா என்று பார்த்து பட்டனை அழுத்துவதுதான் அக்காவின் வேலை.

இது என்ன பெரிய வித்தை என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் அக்காவுக்குக் காய்ச்சல் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் ரெஃபரி மூன்று முறை என்னிடம் வந்தார். நாலாவது முறை வந்தவர் பெட்டியை எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். எறிகிறவனைப் பார்க்காமல், பறக்கிற பந்தைப் பார்க்காமல், வளையத்தை மட்டும் பார்ப்பது மனிதக் கண்ணுக்கு அவ்வளவு லேசில்லை.

"நம்ம கேப்டன் போட்டாரே, பாத்தீங்களா?" என்று துள்ளிக் குதித்துக் கேட்பேன்.

"வளையம் ஆடிச்சு. அதப் பாத்தேன்" என்பார் அக்கா.

நான் சொல்ல வந்தது போன சீசனைப் பற்றி. பன்னிரண்டு அணிகள் ஆடும் லீக். கடைசி இடம் பிடிப்பவர்கள் கீழ் லீக்குக்கு இறங்க வேண்டும். எங்கள் முதலாளி பெயிண்ட் கம்பெனிக்காரர். முதல் நாளே மைக்கைப் பிடித்து, "இந்த வருஷம் கீழ போனா டீமையே மூடிருவேன்" என்று சொல்லிவிட்டார். ஆட்டக்காரர்கள், தரை துடைப்பவர், மேசைக்காரர்கள் எல்லோருடைய தலையிலும் கத்தி தொங்கியது. முப்பத்தாறு வயதான கேப்டனுக்குத்தான் அது கழுத்துவரை இறங்கியிருந்தது. இந்த அணி போனால் அவரை எடுக்க இன்னொரு அணி கிடையாது.

மூன்றாவது உள்ளூர் ஆட்டத்தில் தோற்றோம். கூட்டம் கலைந்த பிறகும் அக்கா எழுந்திருக்கவில்லை.

"கமா, எவ்வளவுல தோத்தோம்?"

"ஒரே ஒரு பாயிண்ட்."

"கடைசியில அவங்க எறிஞ்ச பந்து போர்டுலதான் பட்டுச்சு, வளையத்துல படல. நான் பதினாலு குடுத்துட்டேன். அந்த நேரத்துலதான் அவங்க கூடை போட்டாங்க."

ரெஃபரி கவனிக்கவில்லை. ஆயிரம் பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது, விடுங்கள் என்றேன். அக்கா சாப்பாட்டுப் பையை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு போன். அரங்கத்துக்கு வரச் சொன்னார். போனால், தரை துடைப்பவர் ஏணி மேல் நின்று வளையத்தில் சாக்பீஸ் பொடி தடவிக்கொண்டிருக்கிறார். பந்து வளையத்தில் உரசினால் வெள்ளைக் கறை ஒட்டும். தரை துடைப்பவர் எறிய வேண்டும், அக்கா மேசையிலிருந்து தொட்டது, தொடவில்லை என்று சொல்ல வேண்டும், நான் பந்தைப் பார்த்துச் சரியா தப்பா என்று எழுத வேண்டும்.

"எனக்கு ஒழுங்கா எறிய வராதேம்மா" என்றார் தரை துடைப்பவர்.

"அதுக்குத்தானே உங்களக் கூப்பிட்டேன்" என்றார் அக்கா.

முதல் வாரம் நூற்றுக்கு ஒன்பது தப்பு. வலை கொக்கியில் மாட்டியிருக்கும் மேல் வரிசைக் கண்ணிகள்தான் காட்டிக்கொடுக்கும் என்று அவரே கண்டுபிடித்தார். போர்டில் பட்டால் வலை மொத்தமாக நடுங்குமாம். வளையத்தை உரசினால் மேல் வரிசை மட்டும் முதலில் சிலிர்க்குமாம். எனக்கு ஒரு எழவும் தெரியவில்லை. இரண்டாவது மாதம் ஒரு ஞாயிறு, முந்நூறு எறிதல். ஒன்றுகூடத் தப்பவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு கோடு பொடி பந்தில் ஒட்டியிருந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித் தேடித்தான் கண்டேன். அக்கா அதை அங்கிருந்தே சொல்லியிருந்தார். தரை துடைப்பவர் பந்தைக் கீழே வைத்துவிட்டு அக்காவைக் கும்பிட்டார்.

அந்த சீசனில் எங்கள் அணி ஏழு ஆட்டம் வரிசையாகத் தோற்றது. அணியிலேயே உயரமான எங்கள் நெட்டையனுக்குக் கணுக்கால் வீங்கியது. பிறகு கேப்டன் தன் தோளில் அணியைத் தூக்கிக்கொண்டு ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். கடைசி நாள், எங்களோடு சமமாக அடியில் கிடந்த அணியோடு எங்கள் அரங்கத்தில் ஆட்டம். ஜெயித்தால் பிழைத்தோம், தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இருபது செகண்ட் மிச்சம். ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம். பந்து அவர்களிடம், ஆனால் அவர்கள் எறிந்தாக வேண்டிய கணக்கில் மூன்றே செகண்ட்தான். எவனோ அவசரத்தில் தூக்கி எறிந்தான். பந்து வளையத்துக்கு முன்னால் குட்டையாக விழுந்தது, அவர்களே அதைப் பிடித்தார்கள். வளையத்தைத் தொடவே இல்லை, ஹாரன் அடிக்கும், பந்து எங்களுக்கு! அரங்கமே எழுந்து நின்றது. நானும்தான்.

ஹாரன் அடிக்கவில்லை. அக்கா பதினான்கை அழுத்தியிருந்தார்.

"தொடல! தொடல!" என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள். ரெஃபரி விசிலடித்து ஓடி வந்தார். நெட்டையனின் முதுகு மறைத்துவிட்டது, அவர் பார்க்கவில்லை. திரும்பப் போட்டுப் பார்க்க எங்கள் லீக்கில் கேமரா கிடையாது.

"தொட்டுச்சாம்மா?"

அக்கா வளையத்திலிருந்து கண்ணை எடுத்தார். அவர் ஆட்ட நடுவில் தலை தூக்கி ஸ்கோர் போர்டைப் படித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு பாயிண்ட். பத்தொன்பது செகண்ட். கடவுளே, இல்லை என்று சொல்லிவிடட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். வெட்கம்தான், ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

"தொட்டுச்சு" என்றார்.

பிறகு கடிகாரத்தை நிறுத்த நாங்களே ஃபவுல் செய்தோம், அதற்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் அவர்கள் போட்டார்கள், மூன்று பாயிண்டில் தோற்றோம். மேலிருந்து தண்ணீர் பாட்டில் ஒன்று மேசையில் வந்து விழுந்தது. அக்கா பெட்டியின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

எங்கள் அணி மேனேஜர் கேப்டனைத் தரதரவென்று இழுத்து வந்தார். ஸ்கோர் ஷீட்டின் அடியில் ஒரு கட்டம் உண்டு. ஆட்டத்தில் அநியாயம் நடந்தது என்று நினைத்தால் தோற்ற கேப்டன் அதில் கையெழுத்துப் போடலாம். போட்டால் கமிட்டி விசாரிக்கும்.

"போடு. ரெஃபரியே பாக்கல. இந்தம்மா சொன்னது ஒண்ணுதான் சாட்சி. ஆட்டத்த மறுபடி வெச்சே ஆகணும்" என்றார் மேனேஜர்.

கேப்டன் என் பேனாவை வாங்கினார். குனிந்தவர் அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, தொட்டுச்சா?"

"தொட்டுச்சு தம்பி." அக்கா ஒயரைக் கீழே வைத்தார். "தொடலன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா தொட்டுச்சு."

கேப்டன் நிமிர்ந்தார்.

"நான் வளையத்துக்குக் கீழதான் நின்னேன். உரசுன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. தொடலன்னு முதல்ல கத்துனவன் நான்தான்."

"பைத்தியமாடா உனக்கு? உன் பொழப்பே போகுதுடா!" என்றார் மேனேஜர்.

கேப்டன் பேனாவை என்னிடம் நீட்டினார். காலியாக விட்ட கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துத்தான் ஷீட்டை முடிக்க வேண்டும், அது என் வேலை. நாள் தவறாமல் நூறு கோடு இழுக்கிற என் கை அன்றைக்கு நகரவில்லை.

"இழுங்க சார்" என்றார் கேப்டன்.

இழுத்தேன்.