மண்டோர் படித்த கதை

சுங்காய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலம். என் கதைகளை யாராவது படிக்கிறார்களா என்றே தெரியாமல், இனி எழுதுவதில்லை என்று முடிவுசெய்திருந்தேன். அப்போதுதான், எப்போதோ அனுப்பிய கதை ஒன்று ஞாயிறு பத்திரிகையில் வந்தது. பெண்களை ஏசி வேலை வாங்கும் ஒரு மண்டோரின், அதாவது தோட்டக் கண்காணியின், கதை. மதியம் எங்கள் மண்டோரே பத்திரிகையோடு வாசலில் நின்றார். வேலையும் தோட்டம் கொடுத்த வீடும் போச்சு என்று அம்மா நடுங்கினாள்.

“இது நீ எழுதினதாம்மா?”

“ஆமாங்கய்யா.”

“அது நான்தான்னு என் வீட்டுக்காரி சொல்றா. காலையிலேருந்து முகங்கொடுத்துப் பேசல லா.” பத்திரிகையை மடித்தார். “அடுத்த கதை எப்ப வரும்னு கேட்டுட்டு வரச் சொன்னா.”

“எழுதிக்கிட்டு இருக்கேங்கய்யா” என்று பொய் சொன்னேன். அவர் தலை மறைந்ததும் பேனாவைத் தேடினேன்.