மலையேற மறுத்த வண்டியும் மூன்று முறை கழன்ற கார்புரேட்டரும்

பழைய பைக் ரிப்பேர் தொழிலில் பெரிய தொல்லை என்னவென்றால், கடை வாசலில் சமர்த்தாக ஓடும் வண்டி, ஊரைத் தாண்டியதும் நம் மானத்தை வாங்கும். பழைய வண்டியை ஓட்டியதைவிடத் தள்ளியதே அதிகம் என்று இருக்கும் அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா!

கடுகளவு அழுக்கு

நைனார்பாளையம் முருகேசன், நைட்டியும் லுங்கியும் மூட்டை கட்டிக் கல்வராயன் மலை ஊர்களில் விற்பவர். வண்டி இல்லையென்றால் வியாபாரம் இல்லை. "மலை ஏறச்சொல்ல நின்னுடுதுண்ணா" என்று கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் கடைக்கு வந்தார். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டரைக் கழற்றினேன். உள்ளே கடுகளவு அழுக்கு. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! கழுவி, காற்றடித்து மாட்டினேன். ஒரே உதையில் ஸ்டார்ட். ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டியும் காட்டினேன்.

மறுவாரமே மலையிலிருந்து போன் செய்தார்: "ண்ணா, நீங்க பக்கத்துல இருந்தாதான் ஓடுது. பேசாம மூட்டை மேல குந்திக்கினு கூடவே வந்துடுங்க."

எல்லாம் புதுசு

இந்த முறை விடவில்லை. ஜெட், ஊசி, மிதவை, வாஷர் என்று கார்புரேட்டருக்குள் இருந்த எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். வண்டி ஜம்மென்று ஓடியது. "இனிமே நின்னா என்னைக் கேளுங்க" என்று வாய்க்கொழுப்பில் சொல்லியும் விட்டேன்.

கேட்க வந்தவர் முருகேசனின் மனைவி செல்வி. மலைப்பாதை வளைவில் வண்டி நின்று, அவரும் இறங்கித் தள்ள வேண்டியிருந்ததாம். இன்னொரு தடவை நின்றால் வண்டி காயலாங்கடைக்குத்தான் என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். பின்னால் நின்ற முருகேசனின் முகம் செத்துப்போனது. அவர் பிழைப்பும் என் பெயரும் அந்த வண்டியில்தான் உட்கார்ந்திருந்தன. மறுபடியும் கழற்றிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. செல்வி கேட்டார்: "கோளாறு அதுலதான் கீதா, இல்ல கழட்டுற கையில கீதா?"

அதே வளைவு

முருகேசனும் செல்வியும் மூட்டையோடு முன்னால் போக, நிற்பதை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று நான் என் வண்டியில் பின்னாலேயே போனேன். கச்சிராயபாளையம் வரை ராஜாவாகப் போன வண்டி, மலையில் அதே வளைவில் பொசுக்கென்று நின்றது. செல்வி இறங்கி, என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்து, ஏதாவது செய்தாக வேண்டுமே என்று டேங்க் மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. உதைத்தால் வண்டி கிளம்பிவிட்டது!

பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போக, மூடியில் சின்ன ஓட்டை ஒன்று உண்டு. அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்காது. அந்த ஓட்டையின் மேல் சந்தனம் கல்லாகக் காய்ந்து கிடந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. வண்டி நிற்க ஆரம்பித்ததும், நிற்கக் கூடாதே என்று செல்வி வெள்ளிக்கிழமைதோறும் அதன்மேலேயே அப்பியிருக்கிறார். கடையில் பெட்ரோல் இருக்கிறதா என்று நான் மூடியைத் திறந்த போதெல்லாம் நோய் போய், மலை வருவதற்குள் மறுபடி வந்திருக்கிறது. கார்புரேட்டர் பாவம், யாருக்கோ வந்த வியாதிக்கு மூன்று ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறது.

காயலாங்கடை தப்பிய சந்தோஷத்தில் முருகேசன் வண்டியைக் கட்டிப்பிடிக்காத குறை. செல்வி மட்டும் அசரவில்லை: "கடைச் சந்தனம்னா அன்னிக்கே உதுந்திருக்கும். நான் கையால அரைச்சது, அதான் இம்மா நாளா நின்னுக்கினு கீது."

இப்போதெல்லாம் மலையேறாத வண்டி எது வந்தாலும், கார்புரேட்டரில் கை வைக்குமுன் வீட்டம்மாவுக்குப் பக்தி எப்படி என்று விசாரித்துக்கொள்கிறேன்.